எங்கே வைப்பது? புத்தளம் கரையில் ஒரு நகர நூதனசாலைக்கு இடம் பார்த்தல்

உங்கள் குழுவின் முதல் கூட்டம் முடிந்து ஒரு கிழமை போயிருக்காது. யாராவது ஒருவர் எழும்பி, "காணிக்கு ஏன் அலையிறீங்க? களப்போரம் நம்ம காணி அரை ஏக்கர் சும்மாதான் கிடக்கு, எழுதித் தாரேன்" என்று சொல்லியிருப்பார். எல்லோரும் கைதட்டியிருப்பீர்கள். படம் கீறுகிறவர் மறுநாளே கண்ணாடிச் சுவரும் களப்பைப் பார்த்த பல்கனியுமாகப் போட்டுக் காட்டியிருப்பார். அந்தக் கைதட்டலுக்கும் அடிக்கல்லுக்கும் நடுவில் படிப்பதற்காக எழுதிய அத்தியாயம் இது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நூதனசாலைக் காணியில் பல்லையும் பார்க்க வேண்டும், குளம்பையும் தூக்கிப் பார்க்க வேண்டும். வீடு கட்டி இடம் சரிவராவிட்டால் விற்றுவிட்டுப் போகலாம். ஊரார் நம்பிக் கொடுத்த பாட்டன் காலத்து உறுதியும், கல்யாணப் படமும், கோயில் கணக்கேடும் பூஞ்சணம் பிடித்தால் அதற்கு ஈடு கிடையாது.

நான் சொல்லும் வரிசை இதுதான்: கதை, பட்டியல், தண்ணீர், உப்பு, உறுதி, ஆட்களின் கால், கட்டடம். செலவில்லாத சோதனைகளை முன்னால் வைத்திருக்கிறேன். சர்வேயருக்கும் நொத்தாரிசுக்கும் காசு கொடுக்கும் நேரம் வரும்போது உங்கள் பட்டியலில் இரண்டு இடத்துக்கு மேல் மிஞ்சியிருக்கக் கூடாது.

## படி 1: எந்த ஊரின் கதை என்று முடிவெடுங்கள்

இதைத் தள்ளிப்போட்டுவிட்டுக் காணி பார்க்கப் போகிறவர்களே அதிகம். மாவட்டம் நீளமானது. தெற்கே வென்னப்புவ, மாரவில. நடுவில் சிலாபம், முன்னேஸ்வரம், உடப்பு, முந்தல். வடக்கே புத்தளம், வண்ணாத்திவில்லு. மேற்கே களப்பைத் தாண்டிக் கற்பிட்டிக் குடாநாடு. ஒரே கட்டடத்தில் எல்லாவற்றையும் சொல்ல நினைத்தால் எதுவும் ஒழுங்காகச் சொல்லப்படாது.

ஒரு தாளை எடுத்து, உங்கள் நகரத்தின் கதையில் விடவே முடியாதவை என்று பத்து விஷயங்களை எழுதுங்கள். புத்தளம் என்றால் என் பட்டியல் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

1. உப்பளமும் உப்பு வியாபாரமும்.
2. 1344-இல் இபின் பதூதா வந்திறங்கியது. அவர் 'பத்தாலா' என்று எழுதிய ஊர் புத்தளம்தான் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, முத்துகளையும் பார்த்ததாக எழுதியிருக்கிறார்.
3. ஒல்லாந்தர் கால்வாயும், 1667-இல் தொடங்கி 1676-இல் கட்டி முடித்த கற்பிட்டிக் கோட்டையும்.
4. 1807-இல் கற்பிட்டியில் பிறந்து, 1834-இல் 'சிலோன் கெசற்றியர்', 1859-இல் 'தமிழ் புளூட்டாக்' ஆகியவற்றை வெளியிட்ட சைமன் காசிச்செட்டி.
5. 1926-இல் புத்தளம் வந்த ரயில்.
6. சிரம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளி மக்களும் அவர்களது மஞ்சாப் பாட்டும்.
7. சீமெந்துத் தொழிற்சாலையும் அருவக்காட்டுச் சுண்ணாம்புக் கல்லும்.
8. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே வந்து குடியேறிய முஸ்லிம்கள்.
9. களப்பு மீன்பிடி, இறால், கண்டல்.
10. நுரைச்சோலை அனல்மின் நிலையம்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே, காட்ட என்ன பொருள் இருக்கிறது என்று எழுதுங்கள். கடுதாசியா, இரும்பா, மரமா, துணியா, பாட்டா? பின்னால் உப்புக்காற்றைப் பற்றிப் பேசும்போது இந்தப் பட்டியல் தேவைப்படும். கடுதாசியும் படமும் கூடுதலாக இருந்தால் கடலை விட்டு நன்றாக விலக வேண்டும். வள்ளமும் நங்கூரமுமாக இருந்தால் கொஞ்சம் கிட்டப் போகலாம்.

அடிக்கடி நடக்கும் பிழை: "கோட்டை இருக்கிற இடத்தில்தான் நூதனசாலை இருக்கணும்" என்று பிடிவாதம் பிடிப்பது. தமிழ்நாட்டில் கீழடி நூதனசாலை 2023-இல் அகழ்வு இடத்துக்குப் பக்கத்திலேயே திறக்கப்பட்டது, சரியாகவும் பொருந்தியது. அங்கே சொல்ல வந்த கதையே அந்த மண்தான், மதுரையும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நகர வரலாறு ஒரு குழியில் அடங்காது. கற்பிட்டிக் கோட்டை கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளை பின்னேரம் மூன்று மணிக்கு நினைத்தவுடன் உள்ளே போக முடியாத இடத்தை நகர நூதனசாலை என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

## படி 2: ஐந்து இடமாவது பட்டியலில் போடுங்கள்

ஒரே இடத்தைப் பார்த்து அதையே மூன்று மாதம் பேசிக்கொண்டிருக்கும் குழுக்களைக் கண்டிருக்கிறேன். ஒப்பிட வேறொன்று இல்லாவிட்டால் எந்தக் காணியும் நல்ல காணியாகத்தான் தெரியும். ஐந்தில் குறைந்தது இரண்டு பழைய பொதுக் கட்டடமாக இருக்கட்டும்: பாவிக்காத பண்டகசாலை, மூடிய பாடசாலை, பழைய அரச விடுதி. பிரதேச செயலகத்திலும் உள்ளூராட்சி மன்றத்திலும் கேட்டால் இப்படிக் கிடப்பவற்றைச் சொல்வார்கள். கிராம உத்தியோகத்தரிடம் கேட்டால் அவர்களுக்கும் தெரியாததைச் சொல்வார்.

## படி 3: தண்ணீர் எங்கே நின்றது?

இந்தப் படியில் தவறும் இடத்துக்கு வேறு எந்தச் சிறப்பு இருந்தாலும் அதை வெட்டிவிடுங்கள். இரக்கம் வேண்டாம்.

நம் மாவட்டத்தில் தண்ணீர் மூன்று பக்கமாக வரும். தெதுரு ஓயா சிலாபத்தில் கடலில் விழுகிறது. மீ ஓயாவும் கலா ஓயாவும் புத்தளம் களப்பில் கலக்கின்றன. மழை கூடி மேலே குளங்களின் வான்கதவுகளைத் திறந்தால் ஆற்று வெள்ளம். மழைநீர் வடிய இடமில்லாமல் நகரத்துக்குள்ளேயே தேங்குவது இரண்டாவது. மூன்றாவது கடலரிப்பு. மாரவில பக்கம் கரையில் கல் போட்டுக் காக்கும் நிலைமையைப் போய்ப் பாருங்கள். தரங்கம்பாடியில் 14-ஆம் நூற்றாண்டு மாசிலாமணி நாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கட்டும்போது அந்தக் கோயில் அலையடியில் இருந்திருக்காது.

காலியில் நடந்ததை மறக்கக் கூடாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில், துறைமுகக் கரையோரம் இருந்த கடல்சார் தொல்லியல் பிரிவின் ஆய்வுக்கூடம் அழிந்தது. 1659-இல் காலி விரிகுடாவில் மூழ்கிய அவொண்ட்ஸ்டர் கப்பலிலிருந்து ஆண்டுக்கணக்கில் மூச்சைப் பிடித்து எடுத்த பொருட்களில் பலவற்றைக் கடல் திரும்ப எடுத்துக்கொண்டது. ஒல்லாந்தர் பண்டகசாலையில் 1992-இல் தொடங்கிய கடல்சார் நூதனசாலையும் பாதிக்கப்பட்டு, திருத்தி 2010-இல்தான் மறுபடி திறக்கப்பட்டது. கோட்டை மதிலுக்குள் இருந்த பழைய ஊர் பெரும்பாலும் தப்பியது. புத்தளம் கரை அன்று மற்றக் கரைகளைப் போல அடிவாங்கவில்லை. அதை நம்பிக் கட்ட வேண்டாம்.

எப்படிச் சோதிப்பது:

1. இடத்தைச் சுற்றி மூன்று வீடுகளில் வயது முதிர்ந்த ஒருவரிடம் பேசுங்கள். "இங்கே வெள்ளம் வருமா?" என்று கேட்காதீர்கள். காணி விலை குறைந்துவிடும் என்று "இல்லை" என்பார்கள். "வெள்ளம் வந்த வருஷம் சாமான்களை எங்கே தூக்கி வைத்தீங்க?" என்று கேளுங்கள். "அலுமாரிக்கு மேலே" என்று பதில் வந்தால் விளங்கிவிடும்.
2. அவர் காட்டும் உயரத்தைச் சுவரில் சோக்கால் கோடிட்டு, படம் எடுத்து, திகதி எழுதுங்கள். மூன்று வீட்டுக் கோடுகளும் ஒத்துவந்தால் அதை நம்பலாம்.
3. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது அந்த வீதியில் ஆட்டோ ஓடியதா என்று ஆட்டோக்காரர்களிடம் கேளுங்கள். நினைவு இன்னும் புதிதாக இருக்கிறது.
4. மழைக்காலத்தில், டிசம்பரில், காணியின் ஒரு மூலையில் மூன்றடிக் குழி வெட்டுங்கள். மறுநாள் போய்ப் பாருங்கள். குழியில் தண்ணீர் ஊறியிருந்தால் சுவர் ஆண்டு முழுவதும் ஈரத்தை உறிஞ்சும்.
5. கடைசியாக, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் மாவட்ட அலுவலகத்திலும் நீர்ப்பாசனத் திணைக்களத்திலும் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

என் கணக்கு: ஊர் நினைவில் உள்ள அதிகபட்ச மட்டத்துக்கு மேல் இரண்டடி உயரத்தில் தரை வர வேண்டும். அதற்கு ஐந்தடி மண் போட வேண்டியிருந்தால் அந்தக் காணி இலவசமல்ல. மண் போட்டு உயர்த்தினால் உங்கள் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும், வழக்கும் கூடவே வரும்.

குறிப்பு: இடம் தேறினாலும் சேமிப்பறையை நிலத்து மட்டத்தில் வைக்காதீர்கள்.

## படி 4: உப்பும் காற்றும்

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் களப்போரப் பாடசாலை ஒன்றில் பழைய படங்களின் கண்காட்சியை நிரந்தரமாக வைக்க உதவினேன். மேசை, கண்ணாடிச் சட்டம், மூன்று மொழியில் குறிப்பு, எல்லாம் அழகாகச் செய்தோம். அடுத்த வாடைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தால், படங்களின் முகப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கல்யாணப் படத்தைப் பிரிக்கப் பார்த்தோம். மாப்பிள்ளையின் முகம் கண்ணாடியோடு வந்துவிட்டது. படத்தைக் கொடுத்த பெரியம்மாவிடம் போய்ச் சொன்னவன் நான்தான். அதற்குப் பிறகுதான் இந்தப் படிக்கு இவ்வளவு பக்கம் ஒதுக்கப் பழகினேன்.

தேவையான அளவு விஞ்ஞானம் மட்டும்: அலையிலிருந்தும் உப்பளத்திலிருந்தும் கிளம்பும் உப்புத் துகள் காற்றோடு வந்து எல்லாவற்றிலும் படியும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 வீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நனையும். மழைநாளில் உப்புப் போத்தலுக்குள் அரிசி போடுவது இதனால்தான். நனைந்த உப்பு இரும்பைத் தின்னும், சுவர்ச் சாந்தை உதிர்க்கும், கடுதாசியைப் பதம் கெடுக்கும். ஈரப்பதம் 65 வீதத்துக்கு மேல் நீண்ட நாள் நின்றால் பூஞ்சணம் வரும். குளிரூட்டி போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். மின்கட்டணம் கட்ட முடியாமல் குளிரூட்டியை நிறுத்தும் மாதத்தில்தான் எல்லாச் சேதமும் நடக்கும்.

கற்பிட்டிப் பக்கம் மே மாதம் தொட்டு ஒக்டோபர் வரை கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உலகம் முழுவதிலுமிருந்து காற்றாடிப் பலகை ஓட்டுகிறவர்கள் அதற்காகவே வருகிறார்கள். அவர்களைக் கூப்பிடும் அதே காற்றுதான் உப்பையும் தூக்கிக்கொண்டு வருகிறது.

### ஆணிச் சோதனை

கருவி வாங்கக் காசில்லாத குழுவுக்கு நான் சொல்லும் வழி இது. மூன்று மாதம் எடுக்கும்.

1. நாகம் பூசாத மூன்றங்குல இரும்பு ஆணிகளை வாங்குங்கள். ஒரே கடை, ஒரே பெட்டி. ஓர் இடத்துக்குப் பத்து ஆணி.
2. எண்ணெய்ப் பசை போகச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, வெயிலில் காய வையுங்கள். பிறகு வெறும் கையால் தொட வேண்டாம். வியர்வையிலும் உப்புண்டு.
3. ஒவ்வோர் இடத்து ஆணிகளையும் தனித்தனிக் கடதாசிப் பையில் போட்டு, நகைக்கடைத் தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரர் சிரிப்பார், ஆனால் நிறுத்துத் தருவார்.
4. ஒன்றோடொன்று முட்டாமல் தங்கூசியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஆறடி உயரம், மழை நேரே படாத தாவாரம், தென்மேற்கைப் பார்த்த பக்கம்.
5. இதே போல ஒரு கட்டு, கடலை விட்டு நன்றாக உள்ளே, ஆனமடுவயில் தெரிந்தவர் வீட்டில் தொங்கட்டும். ஒப்பிடுவதற்கு அது வேண்டும்.
6. ஒவ்வொரு ஞாயிறும் வெள்ளைத் தாளை ஆணிக்குப் பின்னால் பிடித்துப் படம் எடுங்கள். எப்போதும் ஒரே நேரத்தில், ஒரே ஆளே எடுக்கட்டும்.
7. மூன்று மாதம் முடிந்ததும் பைக்குள் அவிழ்த்து இறக்குங்கள். உதிர்ந்த துருவும் பைக்குள்ளேயே விழ வேண்டும். பையோடு நிறுத்துப் பாருங்கள். எடை கூடுதலாக ஏறிய இடத்தில் துருவும் கூடுதல்.

பார்க்க வேண்டியது இடங்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசம். ஒரே நகரத்துக்குள் கரையோர ஆணி செதில் செதிலாக உதிரும்போது, நாலு வீதி உள்ளே, மரமும் கட்டடமும் மறைத்த இடத்து ஆணி மண்ணிறம் பிடித்ததோடு நிற்கலாம். அந்த நாலு வீதி உங்களுக்கு ஆண்டுக்காண்டு திருத்தவேலைக் காசை மிச்சப்படுத்தும்.

காற்று கொண்டுவருவது உப்பு மட்டுமல்ல. நுரைச்சோலைச் சுற்றாடலில் நிலக்கரிச் சாம்பல் தூசு பற்றி மக்கள் நெடுங்காலமாக முறைப்பாடு சொல்லி வருகிறார்கள். தொழிற்சாலை, செங்கல் சூளை, லொறி ஓடும் மண்பாதை எதுவும் காற்று வரும் திசையில் இருந்தால், காணியில் வெள்ளைத் துணியொன்றை ஒரு கிழமை விரித்து வைத்துப் பாருங்கள்.

## படி 5: உறுதி யார் பெயரில்?

இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். விரிவாகச் சொல்ல உங்கள் சட்டத்தரணி இருக்கிறார்.

- தனியார் காணி: காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவைத் தேடி எடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒரு சகோதரியின் பங்கு அடிக்கடி கடைசி நாளில்தான் வெளியே வரும்.
- பெர்மிட் காணி: 1935-ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியை வைத்திருப்பவர் நினைத்தபடி நன்கொடை எழுத முடியாது. முதலில் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.
- அரச காணி: நீண்டகாலக் குத்தகை எழுத்தில் வராமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள். அமைச்சர் மேடையில் சொன்ன வாக்கை உறுதியாக எழுதித் தரும் நொத்தாரிசு இன்னும் பிறக்கவில்லை.
- கரையோரக் காணி: 1981-ஆம் ஆண்டின் 57-ஆம் இலக்கச் சட்டப்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து உள்நோக்கி 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் கட்ட அனுமதிப்பத்திரம் வேண்டும். கடலோடு தொடுக்கும் களப்பும் ஆறும் இந்தச் சட்டத்துக்குள் வருவதால் களப்போரக் காணியையும் கேட்டே பாருங்கள்.
- பழைய கட்டடமோ, அதற்குப் பக்கத்துக் காணியோ: 1940-ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் உண்டு. திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் சுவரில் ஓர் ஆணி அறைவதுகூடப் பிழையாகலாம்.
- நகர எல்லைக்குள்: உள்ளூராட்சி மன்றமும் நகர அபிவிருத்தி அதிகார சபையும்.

பாதுகாப்புக் குறிப்பு: வண்ணாத்திவில்லு, எலுவங்குளம் பக்கம் காணி பார்க்கப் போனால் மாலைக்குள் திரும்பிவிடுங்கள். யானை நடமாட்டம் உண்டு. மழைக்காலத்தில் கலா ஓயா பெருகினால் எலுவங்குளத்துச் சப்பாத்துப் பாலத்தில் வாகனத்தை இறக்கவே வேண்டாம்.

## படி 6: யார் கால் அங்கே படும்?

இவ்வளவும் தேறிய இடங்களுக்கு இப்போது புள்ளி போடலாம். இதற்கு முந்தியவை தேறினால் தேறியது, தவறினால் தவறியது. புள்ளி போட்டு ஈடுகட்ட விடாதீர்கள். "வெள்ளம் வரும், ஆனால் பார்க்கிங் நல்லது" என்று கூட்டிக் கழித்து முடிவெடுத்த குழுவை நான் பார்த்திருக்கிறேன்.

சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் காலை எட்டு மணிக்கு பஸ் நிலையத்திலிருந்து அந்த இடத்துக்கு நடந்து பாருங்கள். குடை வேண்டாம். சேலை உடுத்த ஒரு பெண்ணும், தடி ஊன்றி நடக்கும் ஒருவரும், பத்து வயதுப் பிள்ளையும் கூட வரட்டும். பத்து நிமிடத்துக்குள் வந்தால் நல்லது. இருபது நிமிடம் ஆனால் ஆட்டோக் காசு கொடுக்கக்கூடியவர்கள் மட்டும்தான் வருவார்கள்.

புத்தளத்துக்குக் கொழும்பு வீதி, குருணாகல் வீதி, அனுராதபுர வீதி மூன்றும் வந்து சேர்கின்றன. பாலாவியில் கற்பிட்டிப் பாதை பிரிகிறது. கச்சேரி, பாடசாலைகள், ஆஸ்பத்திரி எல்லாம் நகரத்துக்குள். அலுவலுக்கு வந்தவர் ஒரு மணிநேரம் காத்திருக்க வேண்டியிருந்தால் உங்கள் வாசல் கண்ணில் படுகிற இடமா என்று பாருங்கள். காத்தான்குடியில் 2015-இல் திறந்த பூர்வீக நூதனசாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதான வீதியிலேயே இருப்பதால் கடைக்கு வந்தவரும் உள்ளே எட்டிப் பார்க்கிறார்.

தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தைக் காட்டி, "அங்கே வைத்தால் இலட்சம் பேர் பார்ப்பாங்க" என்று ஒருவர் சொல்வார். ஆண்டில் இரண்டு திருவிழா. மற்ற நாட்களில் காவலாளியும் கடலும் மட்டும்தான். திருவிழாவுக்கு ஒரு கண்காட்சியை லொறியில் கொண்டுபோகலாமே!

### எல்லோருக்கும் சொந்தமான படி

இந்தக் கரையில் பள்ளிவாசலும் தேவாலயமும் கோயிலும் விகாரையும் அடுத்தடுத்து நிற்கின்றன. உடப்பில் தீமிதிப்பு, முன்னேஸ்வரத்தில் திருவிழா, புத்தளம் பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆ, கரை நெடுகத் தேவாலயங்கள். ஒரு வணக்கத்தலத்தின் மதிலுக்குள் நூதனசாலை வைத்தால் அந்தச் சமூகம் சந்தோஷமாக வரும். மற்றவர்கள் வாசலில் நின்று, செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்று யோசித்துத் திரும்பிவிடுவார்கள். வக்பு காணி, கோயில் காணி, மேற்றிராசனக் காணி எது வந்தாலும் நன்றி சொல்லி, நூதனசாலைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். கட்சி அலுவலகம் இருந்த கட்டடமும் இதே வகைதான்.

சோதிக்கும் வழி எளிது. நான்கு சமூகத்திலிருந்தும் ஒவ்வொரு பெண்ணைக் கேளுங்கள்: "இந்த இடத்துக்குத் தனியாகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவீங்களா?" ஆண்களிடம் கேட்டால் எல்லா இடமும் சரி என்பார்கள். 1990-இல் வந்தவர்களின் குடியிருப்புகளிலும், சிரம்பியடியிலும் தவறாமல் கேளுங்கள். அவர்களது கதையையும் உள்ளே வைக்கப்போகிறீர்கள் என்றால், வாசல் எங்கே என்பதிலும் அவர்களுக்குச் சொல் இருக்க வேண்டும்.

மீதி விஷயங்கள் சில வரியில்: பாடசாலை பஸ் இரண்டு நின்று திரும்ப இடம் வேண்டும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, குடிதண்ணீர், சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் கட்டாயம். வாசலில் நிழல் மரம் இருந்தால் வெட்டாதீர்கள். கழுதைகள் அதன் கீழே வந்து படுக்கும், படுக்கட்டும். இந்த ஊர் உப்பைச் சுமந்தவற்றின் வம்சம் அது, நூதனசாலைக்கு உள்ளே வைக்க முடியாத காட்சிப்பொருள்.

## படி 7: பழைய கட்டடத்துக்குள் போகுமுன்

தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள பழைய கட்டடம் இந்தச் சூட்டுக்கு நல்லது. ஆனாலும் முதல் தடவை உள்ளே போகும்போது:

1. தனியாகப் போகாதீர்கள். இருவர் உள்ளே, ஒருவர் வெளியே.
2. மின்சாரத்தைத் துண்டித்திருக்கிறதா என்று மின்னியலாளர் பார்த்த பிறகே சுவரைத் தொடுங்கள்.
3. கூரை அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் உடைக்கவோ துளைக்கவோ கூட்டவோ வேண்டாம். தூசு நெஞ்சுக்குள் போனால் ஆபத்து. பழக்கமுள்ளவர்களைக் கொண்டு நனைத்துக் கழற்ற வேண்டும்.
4. பலகைத் தளத்தில் நடக்குமுன் தடியால் தட்டிப் பாருங்கள். வளவில் மூடாத கிணறு இருக்கிறதா என்றும் பாருங்கள்.
5. கதவு நிலையையும் வளையையும் கத்தி முனையால் குத்துங்கள். கத்தி உள்ளே இறங்கினால் கறையான்.
6. சுவரின் கீழ் மூன்றடியில் சாந்து பொருமி வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. மேலே புதுப் பூச்சு பூசி மறைத்திருப்பார்கள். நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.
7. சீமெந்துத் தூணில் நீளவாக்கில் வெடிப்பு இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கியிருக்கலாம். பொறியியலாளர் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இடத்தின் அளவு கேட்பவர்களுக்கு: மொத்தப் பரப்பில் பாதிக்கு மேல் காட்சிக்கூடமாகப் போட்டால் சேமிக்கவும் பழுதுபார்க்கவும் இடமிருக்காது. ஐந்து வருடத்தில் மாடிப்படிக்குக் கீழே பெட்டிகள் அடுக்கத் தொடங்குவீர்கள்.

## என் தெரிவு

புத்தளம் நகரத்துக்கு என்னைக் கேட்டால், இங்கே 'கொழும்பு முகத்திடல்' என்று சொல்லும் திடலையும் களப்புக் காட்சியையும் விட்டுவிடுவேன். பஸ் நிலையத்திலிருந்து கரைக்கு எதிர்ப்பக்கமாக, பத்து நிமிட நடைக்குள், உயரமான தரையில் நிற்கும் பழைய அரச கட்டடம் ஒன்றைத் தேடுவேன். கடுதாசியும் படமும் துணியும் அங்கே. கற்பிட்டியில் கோட்டைக்கு வெளியே, கடைத்தெருவில், இரண்டு அறை மட்டும்: காசிச்செட்டிக்கு ஒன்று, ஒல்லாந்தர் கால வணிகத்துக்கு ஒன்று. உடப்பில் கட்டடமே வேண்டாம். கரைவலை இழுக்கும் அம்பாப் பாட்டைப் பதிவுசெய்து புத்தளத்தில் ஒலிக்கவிடலாம். கேட்டவர் விரும்பினால் உடப்புக்கே பஸ் ஏறுவார். சிலாபம் தனக்கென்று ஒரு நூதனசாலை கட்டட்டும். சலாபம் என்ற முத்துக்குளிப்பையே பெயரில் வைத்திருக்கும் ஊரைப் புத்தளத்தின் ஒரு மூலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைக்க முடியாது.

காணி தர முன்வந்தவரை மறந்துவிடாதீர்கள். களப்போரக் காணி தேறாவிட்டால், அந்த அரை ஏக்கரைக் குத்தகைக்கு விட்டு வரும் வருமானத்தை நூதனசாலையின் மின்கட்டணத்துக்கு எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். முதலில் முகம் வாடும். ஆணிகளையும் சோக்குக் கோட்டுப் படங்களையும் மேசையில் வைத்துப் பேசினால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

கச்சான் மே மாதம் தொடங்கிவிடும். ஏப்ரல் முடியுமுன் ஆணிகளைக் கட்டிவிடுங்கள்.